மொர்க்கா பேசாத இதழ்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. அந்தப் பச்சை ராட்சசி என் மனைவி இல்லை.

நீங்கள் கேட்கவில்லைதான். ஆனால் கேட்க வந்திருக்கிறீர்கள். நாலு பழைய காமிக்ஸைத் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து சிவகாசிக்கு ஒருவர் வருகிறார் என்றால், அது கையெழுத்து வாங்க மட்டும் இல்லை. கையெழுத்துத்தான் போட்டுத் தந்தாயிற்றே. இன்னும் கிளம்பாமல் என் மூஞ்சியையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறீர்கள். போன வருஷம் வந்தவர் நேராகவே கேட்டுவிட்டார், "சார், மொர்க்கா உங்க வீட்டம்மாதானாமே?" என்று. அவருக்கு நான் டீகூட வாங்கித் தரவில்லை.

உங்களுக்கு வாங்கித் தந்திருக்கிறேன். குடியுங்கள். உங்கள் மதுரை பஸ் டிரைவர் அதோ வடையில் இருக்கிறார். அவர் கை கழுவுகிற வரைக்கும் நமக்கு நேரம்.

'கதை: டாக்டர் வி. ஓரியன், அமெரிக்கா' என்று போட்டிருக்கும் பாருங்கள், அது நான். செண்பகமூர்த்தி. பத்தாவது வரை படிப்பு. வால்வெள்ளி காமிக்ஸ் ஆபீஸில் கதை எழுதுவது, தபால் பிரிப்பது, கட்டுப் போடுவது எல்லாம் நான்தான். மாதத்துக்கு ஒரு கிரகத்தை அழித்துவிட்டு, மூன்று மணிக்குப் பார்சல் ஆபீஸுக்கு சைக்கிளில் போவேன்.

கதை எழுதுவார்கள், அதைப் படித்துவிட்டு அட்டை வரைவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்களிடம் தலைகீழ். முதலில் அட்டை. அப்புறம்தான் கதை. ஏன் என்றால், இந்த மாதிரி வர்ண அட்டையைத் தனியாக அச்சடிக்க எங்கள் முதலாளி அய்யாக்கனி அண்ணாச்சிக்கு வசதி கிடையாது. இந்த ஊரில் வருஷம் பூராவும் ஏதாவது காலண்டர் ஓடும், ஆடி மாசம் தொடங்கினால் சீசன். பெரிய பெரிய தாளில் சாமி படம் ஓடும். அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு துண்டு இடம் வீணாகப் போகும். அந்த ஓரத்தை அண்ணாச்சி பிரஸ்காரரிடம் பேசி வாங்கி வைத்திருந்தார். லட்சுமி எப்போது மெஷினில் ஏறுகிறாளோ அப்போது எங்கள் ராக்கெட்டும் ஏறும். கதை ரெடியா இல்லையா என்று லட்சுமி காத்திருக்க மாட்டாள் இல்லையா? அதனால் ஆர்ட்டிஸ்ட் தன் மனசுக்கு வந்ததை வரைவார், அது அச்சாகி வரும், அதை மேஜையில் வைத்துக்கொண்டு நான் அதற்குக் கதை எழுதுவேன்.

மொர்க்கா ஒரு மாதம் கரும்பச்சையாகவும் ஒரு மாதம் நீலமாகவும் இருப்பது ஏன் என்று உங்களை மாதிரி ஆட்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறீர்களாம். கோபத்துக்குத் தகுந்தபடி நிறம் மாறுகிறாளாம். ஒரு கோபமும் இல்லை தம்பி. பக்கத்தில் முருகன் ஓடியிருப்பார். மயிலுக்கு மை கூட்டினால் மொர்க்காவுக்கும் கூடும்.

இதில் ஒரு சட்டம் வேறு. அட்டையில் இருப்பது உள்ளே இருந்தாக வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார்: 'அட்டையில் மூன்று தலைக் கழுகு. உள்ளே முப்பத்திரண்டு பக்கமும் தேடினேன். ஒரு காக்காய்கூட இல்லை. இது மோசடி.' அண்ணாச்சி அந்தக் கார்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். நான் எதைப் பற்றிப் பேசப் போனாலும் அந்தக் கண்ணாடியை விரலால் தட்டுவார்.

ஆர்ட்டிஸ்ட் யார் தெரியுமா? தங்கப்பழம். என் மனைவி ஜெயக்கொடியின் சொந்த அண்ணன். எனக்கு மச்சான். அங்கேதான் வினை.

மொர்க்காவை அவர்தான் முதலில் வரைந்தார். மூன்று கண், உடம்பெல்லாம் செதில், ஒரு கையில் எங்கள் கதாநாயகன் கேப்டன் ராக்லனின் விண்கலத்தைத் தேங்காய் மாதிரிப் பிடித்திருப்பாள். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவள் என்ன பேசுவாள்? ராட்சசி என்றால் 'ஹா ஹா ஹா, அற்ப மானிடனே' என்றுதான் அதுவரைக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று பேனா ஓடவில்லை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். ஜெயக்கொடி சோற்றை வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன், பேனா தானாக ஓடியது. விண்கலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மொர்க்கா சொல்கிறாள்:

'வரும்போதே இந்த மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுத்தான் வருவியா? ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசினா உன் கிரகம் என்ன அழிஞ்சா போயிரும்?'

சிரிக்கிறீர்கள். தமிழ்நாடே சிரித்தது தம்பி. கார்டு கார்டாக வந்து குவிந்தது. 'ராட்சசிக்கு இவ்வளவு நியாயமான கேள்வியா!' என்று சாத்தூரிலிருந்து ஒருவர். 'மொர்க்காவை எக்காரணம் கொண்டும் கொல்ல வேண்டாம்' என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு குடும்பமே கையெழுத்துப் போட்டிருந்தது. அண்ணாச்சி என்னை முதல்முறையாக உட்காரச் சொன்னார். அதற்கப்புறம் எட்டு இதழ். எட்டு இதழிலும் மொர்க்கா பேசியதெல்லாம் அப்படி வந்ததுதான். நான் என்ன திருடவா செய்தேன்? வீட்டில் சும்மா கிடந்த பேச்சு. எடுத்து உபயோகப்படுத்தினேன். 'இந்தப் பிரபஞ்சத்துல எனக்குன்னு ஒரு மூலை இருக்கா, இந்த எரிமலையைத் தவிர?' என்று ஒரு வசனம், உங்கள் கையில் இருக்கிற முதல் புத்தகத்தில் பதினோராம் பக்கம். வீட்டில் சொன்னது 'அடுப்படி'. நான்தான் எரிமலை என்று மாற்றினேன். அந்த மாற்றத்தில்தான் தம்பி எழுத்தாளன் இருக்கிறான்.

ஜெயக்கொடி காமிக்ஸ் படிக்கிறவள் இல்லை. எட்டு மாதம் ஒன்றும் தெரியாமல் போயிற்று. அப்புறம் ஒரு நாள் தெருக்குழாயடியில், எதிர்வீட்டு ராஜகனி குடத்தை நகர்த்திக்கொண்டே, "ஏ ஜெயக்கொடி, எம் மவன் ஒரு பொஸ்தகம் வச்சிருக்கான், அதுல ஒரு பூதம் அப்படியே உன்னை மாதிரியே சண்டை போடுதுடி" என்று சொல்லியிருக்கிறாள். குழாயடியில் பத்துப் பேர். எல்லாரும் ஆளுக்கொரு வசனம் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் எல்லாரும் படிக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் குடத்தோடு வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். சத்தம் போடவில்லை. "நான் பேசுறது எதுவும் உங்க காதுல விழலன்னு இத்தனை நாளும் நினைச்சிருந்தேன்," என்றாள். "எழுத்துக்கு எழுத்து விழுந்திருக்கு. பதில் மட்டுந்தான் வரல."

எழுத்துக்கு எழுத்து! ஒரு வசனகர்த்தாவுக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். "நல்லா வந்திருக்கா?" என்றுகூடக் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாயங்காலம் நான் பார்சல் ஆபீஸிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்தது. சாவி ராஜகனி கையில். "அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா" என்றாள், என் மூஞ்சியைப் பார்க்காமல்.

அண்ணன் வீடு மூன்று தெரு தள்ளி. நல்ல வேளை, ஆடி பிறந்திருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், ஆடிக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து என்ன ஆடி என்று டீக்கடைக்காரர் கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் என்றேன். அவரும் எங்கள் பக்கம்தான்.

எனக்கு என்ன வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெளிவாகத் தெரியும் தம்பி. அவள் திரும்பி வர வேண்டும். சோற்றுக்காக இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. ஆனால் நானாகப் போய்க் கூப்பிடக் கூடாது. அவளாக வர வேண்டும். கூப்பிட்டால் தப்பு என் பேரில் என்று ஆகிவிடும் இல்லையா?

அப்போதுதான் அந்த மாத அட்டை வந்தது. இதோ, உங்கள் இரண்டாவது புத்தகம். நன்றாகப் பாருங்கள். ராக்கெட்டின் கதவு சாத்தியிருக்கிறது. ஜன்னலில் மொர்க்கா தலை வாரிக்கொண்டிருக்கிறாள். வெளியே, செவ்வாய் கிரகத்துச் செம்மண்ணில், கேப்டன் ராக்லன் தகரப் பெட்டியோடு நிற்கிறான். விண்வெளிக்கு எவனாவது தகரப் பெட்டி கொண்டு போவானா?

எனக்குப் புரியாமலா? மச்சான் வேலை. தங்கச்சி வீட்டுக்கு வந்ததும் எனக்கு அட்டை மூலமாகத் தூது விடுகிறார், பெட்டியோடு வந்து வாசலில் நில்லு என்று. நான் சும்மா இருப்பேனா? கதை எழுதினேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது? வெடிகுண்டு. சிவகாசிக்காரன் எழுதுகிறேன், வேறு என்ன வைப்பேன்? கேப்டன் கதவைத் தகர்த்துக்கொண்டு உள்ளே போகிறான். முப்பத்திரண்டு பக்கம் புகை.

அடுத்த அட்டை, அது உங்களிடம் இல்லை. மொர்க்கா சிம்மாசனத்தில். எதிரே கேப்டன் ராக்லன், வலது கையால் இடது காதையும் இடது கையால் வலது காதையும் பிடிக்கிறான். ஹெல்மெட் போட்டிருக்கிறான், காது எங்கே இருக்கிறது? ஹெல்மெட்டைத்தான் பிடித்திருக்கிறான். முட்டி மடங்கியிருக்கிறது. அண்டசராசரத்தின் ஒப்பற்ற வீரன் தோப்புக்கரணம் போடுகிறான் தம்பி! பக்கத்தில் பிள்ளையார் ஓடிய மாதம் அது. தாளைப் பார்த்த அண்ணாச்சிக்குப் பிள்ளையாருக்குத்தான் போடுகிறான் என்று நினைப்பு. "பக்தியா இருக்குவே, விடாதீரும்" என்றார்.

நான் மசியவில்லை. அது தோப்புக்கரணமே இல்லை என்று எழுதினேன். அது பூமியின் ரகசியத் தாக்குதல் முறை. உட்கார்ந்து எழுந்தால் ஹெல்மெட்டிலிருந்து மின்கதிர் பாயும். பன்னிரண்டாவது உட்காரலில் மொர்க்காவின் கோட்டை இடிகிறது. அந்த இதழ் வந்த பிறகு பள்ளிக்கூடங்களில் நடந்ததைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். பரமக்குடியிலிருந்து ஒரு தலைமையாசிரியர் எழுதியிருந்தார்: 'தண்டனை கொடுத்தால் மாணவர்கள் மகிழ்ச்சியோடு போடுகிறார்கள். போட்டுக்கொண்டே என்னை முறைக்கிறார்கள். நான் எப்போது இடிவேன் என்று பார்க்கிறார்கள்.'

அந்த இதழில் ஒரு சின்னக் குறை. மொர்க்கா அதிகமாகப் பேசவில்லை. மூன்றே வசனம். அதுவும் பழைய வசனம்தான். வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 'மொர்க்காவுக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேட்டுக் கார்டு. நான் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது அட்டைதான்... உறையிலிருந்து எடுக்க வேண்டாம். வெளியே இருந்தே தெரிகிறது. ராக்கெட்டின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு சேலைத் தொட்டில். தொட்டிலுக்குள் ஒரு பச்சை முட்டை. மொர்க்கா இல்லை, கேப்டன் இல்லை. தொட்டிலும் முட்டையும் மட்டும்தான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள். இப்போது சொல்லுவீர்கள். யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நாற்பது வருஷம் கழித்து. நான் அன்றைக்குச் சண்டையில் இருக்கிறேன். எதிராளி முட்டையைக் காட்டினால் நான் என்ன நினைப்பேன்? என்னை முட்டை என்கிறார், மார்க் போடுகிறார் என்று நினைத்தேன். பத்தாவதில் கணக்கில் நான் வாங்கியது மச்சானுக்குத் தெரியும். ஆத்திரத்தில் எழுதினேன். கேப்டன் ராக்லன் பசியோடு வருகிறான். தொட்டிலைப் பார்க்கிறான். முட்டையை உடைத்து ஆம்லெட் போடுகிறான். அவனுடைய ஐம்பது பேர் படையே உட்கார்ந்து சாப்பிடுகிறது. உள்படம் போடுகிறவர் ரசித்துப் போட்டிருந்தார், கரண்டியெல்லாம்.

இதழ் வந்த அன்று தெருக்குழாயடியில் ஒருத்தியும் பேசவில்லை. டீக்கடைக்காரர் டீயை வைத்த விதம் சரியில்லை. பத்தரை மணிக்கு மச்சான் ஆபீஸுக்கு வந்தார். கையில் பிரஷ்ஷைக் கழுவாமல் அப்படியே வந்திருந்தார், பச்சை சொட்டுகிறது. நாங்கள் இருவரும் பேசி மூன்று மாசம்.

"மாப்ள. அந்த முட்டைய என்ன பண்ணீரு?"

"ஆம்லெட்."

"வெங்காயம் போட்டா?"

"பதினேழாம் பக்கம். பச்சை மிளகாயும் உண்டு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆள் தம்பி, உட்கார்ந்தால் நாற்காலி முனகும். "ஜெயக்கொடிக்கு நாலு மாசம்யா," என்றார். "உமக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, நீரு அட்டைய மட்டுந்தான் பாப்பீருன்னு, தொட்டில்ல முட்டைய வரைங்கண்ணேன்னு அவதான் சொன்னா. ஸ்டூலைப் பக்கத்துல போட்டு உக்காந்து, தொட்டிலுக்கு எந்தச் சேலை, என்ன கரைன்னுகூட அவதான் சொன்னா. காலைல பொஸ்தகம் வந்துச்சு. எம் பொண்டாட்டி வாசிச்சுக் காட்டினா. ஜெயக்கொடி கேட்டுட்டு, 'ஐம்பது பேருமா தின்னானுங்க?'ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாய்யா."

அண்ணாச்சி கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்ப மத்த அட்டையெல்லாம்?" என்று நான் கேட்டேன்.

"பெட்டியும் அவ சொன்னதுதான். தோப்புக்கரணமும் அவ சொன்னதுதான். ஹெல்மெட்டக் கழட்டிரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், வெக்கப்படுவாருன்னா."

விஷயத்தை இப்படியா சொல்லுவார்கள்? ஒரு கார்டு போட்டிருந்தால் நான் முட்டையைத் தொட்டிருப்பேனா? இன்றைக்கும் கேட்கிறேன், யார் தப்பு? சொல்லுங்கள். சரி, வேண்டாம், டீயைக் குடியுங்கள்.

"இப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல," என்று மச்சான் எழுந்தார். "அடுத்த அட்டை மெஷின்ல ஓடிக்கிட்டிருக்கு. போய்ப் பாரும்."

சைக்கிளை மிதித்தேன் பாருங்கள். பிரஸ்ஸுக்குள் நுழையும்போதே தாள் விழுந்துகொண்டிருந்தது. தாமரையில் லட்சுமி, லட்சுமி, லட்சுமி. ஓரத்தில் எங்கள் அட்டை. இதுதான், உங்கள் நாலாவது புத்தகம். கறுப்பு வானம். நிறைய நட்சத்திரம். தூரத்தில் மொர்க்காவின் ராக்கெட், கட்டைவிரல் அளவு, வாலில் நெருப்போடு போய்க்கொண்டிருக்கிறது. போகிறது, அவ்வளவுதான். வழியனுப்பக்கூட ஆள் இல்லை.

"நிறுத்துங்கண்ணே!" என்று மெஷின்காரரிடம் கத்தினேன்.

"லட்சுமி ஓடிக்கிட்டிருக்கா, நிறுத்தச் சொல்றான் கூறுகெட்டவன்," என்றார் அவர்.

விசாரித்தேன். வடக்கே பிலாயில் ஜெயக்கொடியின் அக்கா இருக்கிறாள், உருக்காலைக் குவார்ட்டர்ஸ். பிரசவமும் அங்கேதான், அப்புறமும் அங்கேதான். வெள்ளிக்கிழமை ரயில். அன்று செவ்வாய்.

அண்ணாச்சியிடம் போனேன். அட்டையை மாற்ற வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைத் தட்டினார். "பன்னிரண்டாயிரம் தாள் ஓடியாச்சு. அட்டைல ராக்கெட் போகுது. கதைலயும் போகணும். என்னவே செய்ய முடியும்?" அவருக்கும் வருத்தம்தான். தட்டும்போது விரல் மெதுவாகத்தான் பட்டது.

அன்றைக்குப் பூராவும் அந்த அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படிப் பார்த்தாலும் போகிறது. சாய்த்துப் பார்த்தேன், தலைகீழாகப் பார்த்தேன், போய்க்கொண்டேதான் இருக்கிறது. மச்சான் அப்படிப்பட்ட ஆர்ட்டிஸ்ட். வெளியே சந்தில் பேப்பர் லாரி ஒன்று வந்து நின்றது. சந்து குறுகல். திரும்ப இடமில்லை. கிளீனர் இறங்கி லாரியின் பின்பக்கம் நின்று, பாடியைத் தட்டி, "வரட்டும்... வரட்டும்... வரட்டும்..." என்று கூப்பிட, அவ்வளவு பெரிய லாரி பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

நான் அட்டையைப் பார்த்தேன்.

ராக்கெட் ரிவர்ஸில் வருகிறது தம்பி! மூக்கு அந்தப் பக்கம் இருந்தால் என்ன? வாலில் நெருப்பு இருந்தால் என்ன? அது வந்துகொண்டிருக்கிறது! அட்டைக்கு ஒரு பங்கமும் இல்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கிற அம்பாசமுத்திரத்துக்காரர்கூட ஒன்றும் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் எழுதி முடித்தேன். முப்பத்திரண்டு பக்கமும் ஒரே காட்சி. மொர்க்காவின் ராக்கெட் பின்பக்கமாக வருகிறது. கேப்டன் ராக்லன் வால் பக்கத்தில் நின்று தட்டித் தட்டிக் கூப்பிடுகிறான். 'வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... விண்கல்லு இருக்கு, பாத்து... வரட்டும்...' வாலில் நெருப்பு இல்லையா, அவனுக்குச் சுடுகிறது. நகரவில்லை. ஆறாம் பக்கத்தில் ஹெல்மெட் உருகிவிடுகிறது. வெறும் 'வரட்டும்' என்று எவ்வளவு எழுதுவது? இடையில் வேறு ஏதாவது பேச வேண்டும் இல்லையா? பக்கம் நிரம்ப வேண்டுமே. அதனால் அவன் பேசுகிறான். 'நீ சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு. பதில் சொல்லத் தெரியல. சண்டைன்னா துப்பாக்கி எடுக்கத் தெரியும். நீ கேட்டது சண்டை இல்ல.' அப்புறம் இருபத்திரண்டாம் பக்கத்தில், 'நான் தின்னது உன் முட்டை இல்ல. அது வேற. கோழி முட்டை.' இதெல்லாம் கேப்டன் ராக்லன் சொல்வது. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை நீங்கள் எழுதும்போது தெளிவாகப் போட வேண்டும். கேட்டது அவன்.

அச்சாகி வரப் பத்து நாள் ஆகும். ரயில் நாளைக்கு. அதனால் கையெழுத்துப் பிரதியையே எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். மனைவியைப் பார்க்க இல்லை. தொழில் விஷயமாக. அவர் வரைந்த ராக்கெட் ரிவர்ஸில் போக முடியுமா என்று ஆர்ட்டிஸ்டிடம் கேட்க வேண்டாமா?

அவர் வீட்டு வாசலில் சாக்கடைக்கு மேலே மூன்று உயரமான படி. நான் கீழேயே நின்றேன். மச்சான் மேல் படியில் உட்கார்ந்து தாள்களை வாங்கிச் சத்தமாகப் படித்தார். மெதுவாகத்தான் படிப்பார். அவருக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. உள்ளே பெட்டியில் துணி வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறாம் பக்கத்தில் அது நின்றது.

படித்து முடித்தார். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று.

"அண்ணே," என்று உள்ளேயிருந்து குரல். "ரிவர்ஸ்ல வந்தா பின்னாடி நெருப்பு யாரு மேல படும்னு கேளுங்க."

"கேப்டன் மேலதான்," என்றேன்.

"எவ்வளவு நேரத்துக்குன்னு கேளுங்க."

"முப்பத்திரண்டு பக்கம்."

"பத்தாது."

"ரெண்டு பாகமா எழுதிரலாம்," என்றேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்னவோ.

கொஞ்ச நேரம் கழித்து, "இதுல மொர்க்கா ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல?" என்றாள். இந்தத் தடவை 'கேளுங்க அண்ணே' இல்லை. நேராக என்னிடம்.

நான் அப்போதுதான் கவனித்தேன் தம்பி. உண்மை. முப்பத்திரண்டு பக்கத்தில் மொர்க்காவுக்கு ஒரு வசனம் இல்லை. உட்கார்ந்து பார்த்திருந்தேன், வரவில்லை, சரி அப்புறம் போடலாம் என்று விட்டிருந்தேன்.

"எழுத வரல," என்றேன். "நீ வீட்ல இல்ல. மொர்க்கா என்ன பேசுவான்னு எனக்குத் தெரியல. மூணு மாசமாத் தெரியல. எனக்குத் தானா ஒரு வரிகூட வரல."

தயாரிப்பில் இருந்த கஷ்டத்தைச் சொன்னேன், வேறொன்றும் இல்லை. எதற்கோ என் குரல்தான் கொஞ்சம் சரியில்லாமல் போயிற்று. அந்தத் தெருவில் புழுதி அதிகம்.

கதவுத் துணி விலகியது. ஜெயக்கொடி வந்து மேல் படியில் நின்றாள். மூன்று மாசத்தில் முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நான் பிடித்திருந்த பேனாவைப் பார்த்தாள்.

"எழுதிக்கோங்க," என்றாள். "கடைசிப் பக்கம். ராக்கெட் வந்து நிக்குது. கதவு திறக்குது. மொர்க்கா சொல்றா."

நான் கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி, தாளை வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

"'படி உசரமா இருக்கு. வயித்துல ஆள் இருக்கு. எறங்க ஒரு கையக் குடு.'"

நல்ல வசனம் தம்பி. ஒரு எழுத்தைத் தொட வேண்டியதில்லை. 'படி' என்பதை 'ஏணி' என்று மாற்றலாமா என்று மட்டும் யோசித்தேன். ராக்கெட் இல்லையா. அடித்தேன், 'ஏணி' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். நிமிர்ந்தால், அவள் கை என் மூஞ்சிக்கு நேரே நீண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கண்ணாடி வளையல் வெயிலில் மினுங்குகிறது. நான் மூடியைத் தேடுகிறேன், பேனா மூடியை.

"யோவ் மாப்ள," என்று மச்சான் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார். "எழுதுறத விட்டுட்டு அவ கையப் பிடியும்யா."